ஈரத்தோடு உள்ளே வைக்காதீர்கள்

சிங்கப்பூரில் காய்கறி கெட்டுப்போனால் எல்லாரும் வெயிலைத் திட்டுகிறார்கள். நான் தண்ணீரைத்தான் திட்டுவேன். தேக்கா சந்தையில் கீரை வாடாமலிருக்கக் கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். பச்சென்று இருந்தால்தானே விற்கும்! நாமோ அந்த ஈரத்தோடு பையின் வாயை முடிச்சுப் போட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறோம். இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் பையின் அடியில் கொழகொழவென்று கறுப்புச் சாறு.

சந்தையிலிருந்து வந்ததும் முதல் வேலை, பைகளையெல்லாம் அவிழ்ப்பது. மின்விசிறிக்கு அடியில் பழைய வேட்டியை விரித்து, கீரைக்கட்டைப் பிரித்துப் பரப்பிவிடுங்கள். அரை மணி நேரம் போதும். பழுத்த இலையையும் நசுங்கிய தண்டையும் அப்போதே பொறுக்கி எடுத்துவிட வேண்டும். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் அழுகும். பிறகு உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, பெட்டியின் அடி இழுப்பறையில் வையுங்கள். சமைக்கும்போது கழுவினால் போதும். செய்தித்தாளில் சுற்றுகிறவர்கள் உண்டு. அச்சு மை கீரையில் ஒட்டுவது எனக்குப் பிடிக்காது.

வேரோடு வாங்கும் கொத்தமல்லிக்கு வேறு வழி. குவளையில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் விட்டு, வேர் மட்டும் மூழ்கும்படி நிறுத்தி, தழைமேல் ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்துக் குளிரில் வையுங்கள். தண்ணீர் கலங்கினால் மாற்றிவிடுங்கள். தழை ஈரமாக இருக்கக் கூடாது. கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவி, நன்றாக உலரவிட்டு, உறைபெட்டியில் வைத்துவிட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். நிறம் சற்றுக் கறுக்கும். தாளிப்புக்கு அது ஒரு குறையே இல்லை. எண்ணெயில் போடும்போது படபடவென்று தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளினால் போதும். கேரட், முள்ளங்கி, பீட்ரூட்டின் தழையை வெட்டிவிடுங்கள். அது கிழங்கின் நீரை உறிஞ்சிவிடும்.

எல்லாவற்றையும் குளிரில் அடைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். கத்திரிக்காய், வெண்டைக்காய், வெள்ளரிக்காய் மூன்றும் வெப்பத்தில் வளர்ந்தவை. 4 டிகிரியில் நாள்கணக்கில் கிடந்தால் கத்திரிக்காயின் தோலில் குழி விழும், உள்ளே விதை பழுப்பாகும். பெட்டியில் குளிர் குறைந்த இடத்தில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் குழம்பில் போட்டுவிடுங்கள். உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். வறுக்கும்போது சீக்கிரம் கருகும். வெளிச்சம் பட்டால் பச்சை பிடிக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பலர் வெங்காயத்தையும் உருளையையும் பாம் ஷெல்டரில், அதாவது குண்டுவீச்சிலிருந்து தப்ப வீட்டுக்குள்ளேயே கட்டிய அறையில், ஒரே கூடையில் போட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். இருட்டு நல்லதுதான், ஆனால் காற்று வேண்டாமா? கதவைத் திறந்து வையுங்கள். இரண்டையும் தனித்தனிக் கூடையில் போடுங்கள்.

மாம்பழம், வாழை, பப்பாளி, தக்காளி ஆகியவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைக்கும். பாகற்காயைப் பழுத்த மாம்பழத்தோடு வைத்தால் மஞ்சளாகி வெடித்துவிடும். காயாக இருக்கும்வரை மாம்பழம் வெளியில், பழுத்தபின் குளிரில். தக்காளியும் அப்படியே.

இங்கே நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து லாரியிலோ, இந்தியாவிலிருந்து விமானத்திலோ வந்த காய்க்கு, நம் கைக்கு வரும்போதே வயதாகிவிட்டது. ஆகவே கீரையை முதலில் சமையுங்கள், கோஸும் கேரட்டும் வாரக் கடைசி வரை காத்திருக்கும். கோஸைப் பாதியாக வெட்டாமல், வேண்டிய அளவுக்கு மேலிதழ்களை உரித்து எடுப்பது என் வழக்கம். வெட்டிய முகம்தான் முதலில் காய்ந்து கறுக்கும்.

வாடிய கீரையை அவசரப்பட்டுக் குப்பையில் கொட்டாதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். துவண்ட கேரட்டும் தேறும். கனிந்து தளர்ந்த தக்காளியைத் தொக்காக்கலாம். பூஞ்சை பிடித்த தக்காளியை மட்டும் முழுதாகத் தூக்கி எறியுங்கள். மிருதுவான பழத்தில் பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாக இறங்கியிருக்கும்.