கடிதம் கிடைத்ததும் எழுந்துவிடாதீர்கள்

போன மாதம் ஜன்பத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில், தென்காசிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு பிஎச்.டி. செய்ய வந்திருக்கும் தம்பி ஒருவன். ஃபைலைப் புரட்டிக்கொண்டே போனான். கடைசிப் பக்கங்களில் தேடிய கடிதம் தென்பட்டதும் முகம் மலர்ந்தது. "அக்கா, லெட்டர் கெடச்சிருச்சு" என்றான். அதை மட்டும் எழுதிக்கொண்டு, ஃபைலைத் திருப்பிக் கொடுக்க எழுந்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இதே அறையிலிருந்து நானும் இப்படித்தான் எழுந்து போனேன்.

பேரரசுகளின் வரலாற்றை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபைல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எழுதியதற்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் கைடே சொல்லிவிடுவார். அதற்குள் நான் போகவில்லை. புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கடிதம்தான் அரசு என்று நம்புவது

பிரிட்டிஷ் இந்திய அரசின் ஃபைல் ஒன்றில் பொதுவாக இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று நோட்ஸ், அதாவது அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள். மற்றது வெளியே போன, வெளியிலிருந்து வந்த கடிதங்கள். கடிதம் "தெரிவிக்கும்படி பணிக்கப்பட்டுள்ளேன்" என்று தொடங்கும். அரசு முழுவதும் ஒரே வாயால் பேசுவது போல இருக்கும். நோட்ஸ் அப்படியில்லை. கீழே இருக்கும் அதிகாரி விவரத்தைத் திரட்டி ஒன்று எழுதுவார், அடுத்தவர் அதை மறுப்பார், அதற்கும் மேலே இருப்பவர் இரண்டே வரியில் முடித்து, தேதி போட்டு முதலெழுத்தை இடுவார். தனியாகச் சேர்த்து வைக்கச் சொன்ன காகிதங்களும் உண்டு. அவற்றுக்கு 'கீப் வித்', சுருக்கமாக கே.டபிள்யூ. என்று பெயர்.

என் கதையைச் சொல்கிறேன். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் பற்றிய ஃபைல் அது. இந்திய அரசு தலையிட அவசியமில்லை என்று சொன்ன ஒரு கடிதத்தைக் கண்டெடுத்தேன். அதை நம்பி ஒரு அத்தியாயமே எழுதினேன்: இந்திய அரசுக்கு இந்த மக்களைப் பற்றி அக்கறையுமில்லை, விவரமும் தெரியாது என்று. தீசிஸ் கொடுக்க மூன்று மாதம் இருக்கும்போது, வரைவைப் படித்த மூத்த ஆய்வாளர் ஒருவர் கேட்டார்: "இதோட கே.டபிள்யூ. பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. திரும்பப் போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்து எடுத்துப் பார்த்தேன். விவரம் தெரியாதா? கடன் எப்படி ஏறுகிறது, கங்காணி எவ்வளவு பிடிக்கிறார், கடனைக் குறித்த துண்டுச் சீட்டை வைத்து ஆளை எப்படித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றுகிறார்கள் என்று இளநிலை அதிகாரி ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். தலையிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். மேலே இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள். அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921இல். என் அத்தியாயத்தின் வாதம் அடியோடு போனது. திருப்பி எழுதி முடிக்க ஒன்பது மாதம் ஆயிற்று, அதற்குள் ஃபெலோஷிப் நின்றுவிட்டது. கரோல்பாக்கில் ஒற்றை அறையில் டியூஷன் எடுத்துத்தான் வாடகை கொடுத்தேன்.

பணத்தை விடவும் இன்று வரை என்னை உறுத்துவது வேறு. "அவர்களுக்குத் தெரியாது" என்று எழுதி, தெரிந்தே செய்தவர்களை நான் தப்பவிட்டிருப்பேன்.

நோட்ஸைப் படித்தால் பேரரசின் மேல் நமக்கு இரக்கம் வந்துவிடுமோ என்று சில மாணவர்கள் தயங்குகிறார்கள். நடப்பது நேர்மாறானது. 1877 ஜனவரி 1ஆம் தேதி இதே தில்லியில், இன்று கொரனேஷன் பார்க் இருக்கும் இடத்தில், விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க வைசிராய் லிட்டன் தர்பார் நடத்தினார். சென்னை மாகாணத்தில் அப்போது பஞ்சம். அந்த மாதமே ரிச்சர்ட் டெம்பிள் என்ற மூத்த அதிகாரியை, பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிடத் தெற்கே அனுப்பினார் லிட்டன். நிவாரண வேலை செய்பவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் அளவுக்குத் தானியம் போதும் என்றார் டெம்பிள். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எழுத்திலேயே எதிர்த்தார். அவரும் அதே அரசில் சம்பளம் வாங்கிய வெள்ளைக்கார அதிகாரிதான். சில மாதங்களில் சென்னை அரசு அளவைக் கூட்டியது. "ஆங்கிலேயர் ஒரு பவுண்டு என்று முடிவு செய்தார்கள்" என்று பொதுவாக எழுதினால், யார் எச்சரித்தார், யார் கேட்காமல் போனார் என்பது மறைந்துவிடுகிறது. எச்சரிக்கை வந்த பிறகும் செய்தார்கள் என்பதல்லவா கனமான குற்றச்சாட்டு?

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. இந்திய அரசுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் இன்னொரு முனை உண்டு. சென்னை மாகாணம் என்றால் அந்த முனை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். கலெக்டர் என்ன எழுதி அனுப்பினார், வருவாய் வாரியம் அதில் எதை வெட்டியது என்பதை அங்கேதான் பார்க்க முடியும். தில்லியில் ஆறு மாதம் இருந்தால் எழும்பூரில் மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். ஃபெலோஷிப் விண்ணப்பத்திலேயே அதை எழுதிவிடுங்கள், பிறகு கேட்டால் கொடுக்க மாட்டார்கள்.

ஏ மட்டும் பார்ப்பது

அரசுத் துறைகளின் நடவடிக்கைகளை, அதாவது 'ப்ரொசீடிங்ஸ்' என்ற பதிவுகளை, ஏ, பி, டெபாசிட் என்று தரம் பிரித்தவர்கள் அந்தக் கால அதிகாரிகள். அவர்களுக்கு எது முக்கியமோ அது ஏ. எனக்குத் தேவைப்பட்ட மனுக்களில் பெரும்பாலானவை பி-யில்தான் கிடைத்தன.

இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடுவது

தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் தூத்துக்குடி என்று இன்று எழுதும் விதத்தில் தேடிவிட்டு, ஒன்றுமே இல்லை என்று வருத்தத்தோடு வருகிறார்கள். டூட்டிகொரின் என்று தேடுங்கள். நாகப்பட்டினம் நெகபடாம், திருநெல்வேலி டின்னவெல்லி, திருச்சி டிரிச்சினோபொலி, தரங்கம்பாடி டிராங்க்பார். ஊர்ப் பெயர் மட்டுமில்லை. கங்காணி, துபாஷ் (மொழிபெயர்ப்புத் தரகர்), மிராசுதார், குடிமராமத்து எல்லாம் ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாகக் கிடக்கும். அந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்காமல் வாய்விட்டுப் படியுங்கள். காதில் தமிழாக விழுந்துவிடும். தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் இருக்கும் பெரிய பலம் இது. இதை விட்டுவிட்டு, ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று குன்றிப்போகும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழில் எழுதப்பட்டது. அதை மூலத்தில் படிக்க முடிகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

லண்டன் போகாமல் ஒன்றும் நடக்காது என்று காத்திருப்பது

போக முடிந்தால் போங்கள். ஆனால் இந்திய அரசின் அச்சிட்ட நடவடிக்கைகளின் பிரதிகள்தான் அங்கே போயின. நோட்ஸில் பெரும்பகுதி இங்கே ஜன்பத்தில் இருக்கிறது, மெட்ரோவில் போய் இறங்கலாம்.

காசு கொடுத்துக் கட்டுரை போடுவது

வேண்டாம்.

வீட்டில் சொல்லாமல் இருப்பது

பிஎச்.டி.க்கு யு.ஜி.சி. 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருடம், பொதுவாக அதிகபட்சம் ஆறு. அதற்கப்புறம் நிரந்தர வேலை கிடைக்கும்வரை தற்காலிகப் பணியில் சில வருடங்கள் போகும். இதை முதல் வருடமே வீட்டில் சொல்லிவிடுங்கள். "அடுத்த வருஷம் முடிஞ்சிரும்" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லி, கடைசியில் ஊருக்குப் போகவே கூசிப்போனவர்களை எனக்குத் தெரியும். சொல்வதோடு நிறுத்தாமல் என்ன வேலை செய்கிறீர்கள் என்று காட்டவும் செய்யுங்கள்.

அந்தத் தென்காசித் தம்பியிடம் ஒரு மனுவின் நகல் இருந்தது. கையெழுத்து போட்டவர்களின் ஊர் சங்கரநயினார்கோயில் தாலுகா என்பது வரை புரிந்தது, கிராமத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடந்தது. வரைபடத்திலும் பிடிபடவில்லை, எனக்கும் பிடிபடவில்லை. ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணி அந்தப் பெயரை அப்படியே படித்துக் காட்டியிருக்கிறான். இரண்டாம் முறை படிப்பதற்குள், "அது உங்க சின்னத்தைய கட்டிக்குடுத்த ஊரு பக்கத்துலல்ல இருக்கு" என்றாராம்.