கையெழுத்துக்கு இடம் விட்டு மணமக்கள் படம் வரைவது எப்படி?

நடுவில் மணமக்கள் படம், சுற்றிலும் வெறும் தாள், வருகிறவர்கள் அதில் பெயரெழுதி வாழ்த்திவிட்டுப் போக வேண்டும். ரிசப்ஷனில் வைக்க இப்படி ஒன்றைத் தங்கைக்கோ நண்பனுக்கோ நீங்களே வரைந்து கொடுக்கலாம், அதற்குப் பெரிய ஓவியராக இருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: படம் சின்னதாக இருக்கட்டும், காலி இடம்தான் பெரிதாக இருக்க வேண்டும். வரையத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். தாள் முழுக்க அழகாக வரைந்து நிரப்பிவிட்டால் சித்தப்பா எங்கே கையெழுத்துப் போடுவார்?

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஏ2 தாள் 42 x 59.4 செ.மீ. ஃபிரேமுக்காக நாலு பக்கமும் 2.5 செ.மீ. விட்டால் உள்ளே சுமார் 2000 சதுர செ.மீ. கிடைக்கும். படத்துக்கு 20 x 25 என்று 500 போனால் மிச்சம் 1500. நம் ஆட்கள் வெறும் கையெழுத்தோடு நிறுத்த மாட்டார்கள். இனிஷியலோடு பெயர், கீழே ஊர், பெரியவர்களாக இருந்தால் ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்று முழுசாகவே எழுதுவார்கள். ஆளுக்கு 5 x 2 செ.மீ. என்று வைத்தாலும் 150 பேர் வருகிறது, ஆனால் யாரும் செங்கல் அடுக்குவது மாதிரி நெருக்கி எழுதப்போவதில்லை, அதனால் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிடுகிற கல்யாணமென்றால் எல்லோரையும் எழுத வைக்கிற ஆசையை விட்டுவிட்டு நெருங்கிய சொந்தம், நண்பர்கள் என்று நிறுத்திக்கொள்வதே நல்லது. ஏ1 அளவில் செய்யலாம்தான், ஆனால் புதுசாகக் கல்யாணமானவர்களின் வாடகை வீட்டில் அவ்வளவு பெரிய ஃபிரேமை எங்கே மாட்டுவது, ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் விடுவாரா என்பதையும் யோசிக்க வேண்டும்.

தாள் வழவழப்பாகவும் கனமாகவும் இருக்கட்டும். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), ஆசிட் ஃப்ரீ (சீக்கிரம் மஞ்சளாகாத வகை) என்று கேட்டு வாங்குங்கள். வாட்டர்கலர் தாளென்றால் சொரசொரப்பான கோல்ட் பிரஸ் வேண்டாம், பேனா முனை அதில் தடுக்கும். வழவழப்பான ஹாட் பிரஸ் சரியாக இருக்கும். சுத்த வெள்ளையைவிட லேசான கிரீம் நிறம் மண்டபத்து விளக்கில் கண்ணைக் கூசாது. டேப்லெட்டில் வரைந்து பிரின்ட் எடுக்கிறவர்கள் மேட் தாளில்தான் எடுக்க வேண்டும், பளபளக்கிற போட்டோ தாளில் மை காயாமல் அடுத்தவர் கையில் ஒட்டிக்கொண்டு போய்விடும்.

இனி படம். நிச்சயதார்த்தத்தில் எடுத்த போட்டோவை எடுக்காதீர்கள், முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்ததில் மூக்கும் கன்னமும் தட்டையாகிவிட்டிருக்கும். ஜன்னல் ஓரமாக இரண்டு பேரையும் நிற்க வைத்து, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுகிற மாதிரி மொபைலிலேயே எடுத்தால் போதும். தலைகள் கிட்டத்தட்ட ஒட்டியபடி, மார்பு வரைக்கும். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டை நன்றாக ஏற்றுங்கள். நிழல் எல்லாம் கறுப்பாகவும் மற்றதெல்லாம் வெள்ளையாகவும் பிரிந்து வரும்போது எந்தக் கோடு தேவை, எது தேவையில்லை என்று போட்டோவே சொல்லிவிடும்.

ஜெராக்ஸ் கடையில் அதை ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து, பின்பக்கம் முழுக்க 4பி பென்சிலால் தேய்த்து, பெரிய தாளின் நடுவில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, மேலே பால்பாயின்ட் பேனாவால் கோடுகளின் மேல் அழுத்தி வரைந்தால் கீழே மெல்லிய பென்சில் கோடு விழும். கடையில் விற்கிற நீலக் கார்பன் தாள் வேண்டாம், அந்தக் கறை ரப்பருக்குப் போகாது. இது ஏமாற்று வேலை இல்லையா என்று சிலர் கேட்பார்கள். மாப்பிள்ளை மாப்பிள்ளை மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெறுங்கையால் வரைந்து பெரியப்பா பையன் மாதிரி வந்துவிட்டால் அதைத்தான் காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள்.

மேலே மை போட மைக்ரான் மாதிரியான பிக்மென்ட் பேனா (எளிதில் வெளுக்காத மை உள்ளது) வாங்குங்கள், முனை அளவு முகத்துக்கு 0.2 அல்லது 0.3, முடிக்கும் உடைக்கும் 0.5. முகத்தில் கோடு குறையக் குறைய ஆள் அழகாகத் தெரிவார். மூக்குக்கு நிழல் விழுகிற பக்கம் மட்டும் ஒரு கோடு, இரண்டு பக்கமும் போட்டால் குழாய் நிற்கிற மாதிரி ஆகிவிடும். சிரிக்கிற வாயில் பல்லுக்குப் பல் கோடு போடவே கூடாது, மேலுதட்டின் அடியில் ஒரு கோடு, இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் கறுப்பு, உள்ளே அப்படியே வெள்ளையாக விட்டுவிடுங்கள். கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி விடாவிட்டால் பார்வை செத்துப்போகும். மாப்பிள்ளை கண்ணாடி போட்டவரா, ஃபிரேமை முழு வட்டமாக மூடாமல் வெளிச்சம் படும் இடத்தில் கோட்டை விட்டு எடுங்கள்.

நகையிலும் பட்டிலும் கொஞ்சம் கையை அடக்க வேண்டும். நெற்றிச்சுட்டியும் ஜிமிக்கியும் போதும், ஆரம் அட்டிகை எல்லாவற்றையும் வரைந்தால் கண் முகத்துக்கே போகாது. மல்லிகைச் சரத்தில் ஒவ்வொரு பூவையும் வரையாமல் கறுப்பு முடிக்கு நடுவே சின்னச் சின்னச் சுழியாக வெள்ளையை விட்டுக்கொண்டே வாருங்கள், அதுவே பூவாகத் தெரியும். சேலை பார்டரில் தோள்பட்டை பக்கம் கொஞ்ச நீளத்துக்கு மட்டும் டிசைன் போட்டுவிட்டு, கீழே போகப்போகக் கோட்டைக் கரையவிடுங்கள். படம் கட்டம் கட்டின மாதிரி முடியாமல் தாளோடு கலந்து முடிந்தால்தான் கையெழுத்துகள் அதைச் சுற்றி இயல்பாக வந்து உட்காரும். அடியில் இரண்டு பெயர், தேதி. மை நன்றாகக் காய்ந்த பிறகு மெத்தென்ற ரப்பரால் பென்சிலை எடுங்கள். பென்சில் ஷேடிங் செய்தவர்கள் அதைப் பிடித்து நிறுத்த ஃபிக்ஸேட்டிவ் அடிப்பார்கள், அது கையெழுத்துப் போடுகிற இடத்தில் படாதபடி சுற்றிலும் மறைத்துக்கொண்டு அடியுங்கள்.

கையெழுத்துக்கான பேனாவையும் நீங்களே வாங்கி வையுங்கள், அதே பிக்மென்ட் பேனா, ஆனால் 0.8. மெல்லிய முனையை வைத்தால் பால்பாயின்ட் அழுத்துகிற கைகளுக்கு நாலு பேருக்குள் முனை உள்ளே போய்விடும். ஜெல் பேனா இழுபடும், ஸ்கெட்ச் பேனா நாளாக நாளாக வெளுக்கும், பர்மனென்ட் மார்க்கர் தாளுக்குள் ஊறிப் பரவும். அதே தாளில் வெட்டியெடுத்த ஒரு துண்டில் எழுதி, பத்து விநாடி கழித்து ஈர விரலால் தேய்த்துப் பார்த்தால் எது தாங்கும் என்று தெரிந்துவிடும். நாலைந்து பேனா வாங்கி, மேஜையோடு நூலில் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் எல்லாம் ஏதோ ஒரு சட்டைப் பையில் ஊருக்குப் போய்விடும், அதன் பிறகு எழுதுகிறவர்கள் தங்கள் பையிலிருந்து நீல பால்பாயின்டை எடுப்பார்கள்.

எங்கே வைப்பது என்பது வரைவதைவிட முக்கியம். வாசலில் சந்தனம், குங்குமம், கல்கண்டு வைத்திருக்கிற மேஜையில் வேண்டவே வேண்டாம், பன்னீர் தெளிக்கிற செம்பு பக்கத்திலேயே இருக்கும், நாலு துளி போதும் படத்தைக் கெடுக்க. சாப்பாட்டு ஹாலிலிருந்து வருகிற வழியும் சரிப்படாது, கை கழுவிய ஈரத்தோடு வருவார்கள். மொய் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் வைப்பது என் சிபாரிசு. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வருகிற எல்லோரையும் தெரியும், ‘அண்ணே, இங்கயும் ஒரு கையெழுத்து’ என்று அவரே தள்ளிவிடுவார். ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நின்றபடி கையைத் தூக்கிப் பெரியவர்களால் எழுத முடியாது. மேஜையில், அடியில் ஒரு பிளைவுட் பலகை வைத்துக் கிளிப் போட்டு, கூடவே ஒரு நாற்காலியும் போட்டுவிடுங்கள். வெல்வெட் துணி மேல் நேராக வைத்தால் பேனா தாளைக் குத்தும். படத்தின் மேல் அதே அளவுக்கு வெட்டிய ஓஹெச்பி ஷீட்டை (கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாள்) மாஸ்கிங் டேப்பால் லேசாக ஒட்டிவிட்டால் வியர்வைக் கை எதுவும் முகத்தில் படாது, அங்கே எழுதக் கூடாது என்று தனியாகச் சொல்லவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம், வெறும் தாளை வைத்தால் யாரும் முதலில் எழுத மாட்டார்கள், அப்படியே எழுதினாலும் முதல் ஆள் எவ்வளவு பெரிதாக எழுதுகிறாரோ அடுத்து வருகிற எல்லோரும் அதையே பின்பற்றுவார்கள். அதனால் முந்தின நாளே வீட்டில் தாத்தா பாட்டி, அத்தை மாமாவிடம் வாங்கிவிடுங்கள், ஒரே மூலையில் இல்லாமல் நாலு பக்கமும் பரவலாக, நீங்கள் விரும்புகிற அளவில். பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளை ஒன்றைப் பொறுப்பாக உட்கார வைத்தால் சின்ன வாண்டுகள் வந்து டோரேமான் வரைவதையும் தடுக்கலாம்.

கல்யாணம் முடிந்ததும் சுருட்டி வைக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வையுங்கள். உடனே ஃபிரேம் போட வேண்டாம், மறுவீடு, விருந்து என்று போகிற இடங்களுக்குத் தாளைக் கையோடு கொண்டுபோனால் மண்டபத்துக்கு வரமுடியாத பாட்டிமார்களிடமும் வாங்கிவிடலாம். அப்புறம் ஃபிரேம் கடைக்காரர் லேமினேஷன் செய்யட்டுமா என்று கட்டாயம் கேட்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஒருமுறை ஒட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது. கண்ணாடி தாளில் படாதபடி நடுவில் மவுண்ட் போர்டு (ஓரங்களில் மட்டும் வரும் கனமான அட்டை) வைத்துப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்து ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் நேராக விழுகிற சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் தவிர வேறு எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம்.