டொர்னாடோ நெருங்குவதை உணர்வது எப்படி? டெக்சஸ், ஓக்லஹோமாவில் குடியேறியோருக்கான கையேடு

வங்கக் கடலில் உருவாகும் புயல் எங்கே, எப்போது கரையைக் கடக்கும் என்பதை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே செய்தியில் கேட்டுப் பழகியவர்களுக்கு, டாலஸிலோ ஓக்லஹோமா சிட்டியிலோ கழிக்கும் முதல் வசந்த காலத்தில், இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கும் கடும் சுழற்காற்றான டொர்னாடோவின் அவசரம் எளிதில் பிடிபடுவதில்லை. இங்கே எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் இடையே கால் மணி நேரம் கிடைத்தாலே அதிகம். 2013 மே 20 அன்று ஓக்லஹோமாவின் மூர் நகரைச் சிதைத்த டொர்னாடோ தரையைத் தொடுவதற்கு 16 நிமிடங்களுக்கு முன்பே எச்சரிக்கை வெளியானது. அப்படியிருந்தும் 24 பேர் உயிரிழந்தனர். எனவே அறிகுறிகளை அவை தோன்றும் வரிசையில் தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் உரியதை அந்தந்த நேரத்திலேயே செய்துவிட வேண்டும். சுழலைக் கண்ணால் பார்த்த பிறகு ஓடிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

முதல் அறிகுறி காலையிலேயே வந்துவிடும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து தென்கிழக்குக் காற்று வெக்கையையும் ஈரத்தையும் கொண்டுவர, மேற்கிலிருந்து வறண்ட காற்று நெருங்க, உயரே செல்லச் செல்லக் காற்றின் திசையும் வேகமும் மாறும் நாட்களே ஆபத்தானவை. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில், பிற்பகலிலும் மாலையிலும்தான் இவை மிகுதி என்றாலும், டாலஸுக்கு அருகே கார்லண்டையும் ரௌலெட்டையும் தாக்கிய டொர்னாடோ வந்தது 2015 டிசம்பர் 26 இரவில். ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் கணிப்பு மையம் ‘டொர்னாடோ வாட்ச்’ அறிவித்தால், பரந்த ஒரு பகுதியில் அடுத்த சில மணி நேரத்துக்கு டொர்னாடோ உருவாகக்கூடிய சூழல் நிலவுகிறது என்று பொருள். கைப்பேசியை முழுமையாகச் சார்ஜ் செய்வது, காலணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, ஒதுங்க வேண்டிய அறையைக் காலி செய்வது, நெடுந்தூரக் கார்ப் பயணத்தைத் தள்ளிப்போடுவது எல்லாம் அப்போதே முடிய வேண்டிய வேலைகள். வட்டார வானிலை அலுவலகம் விடுக்கும் ‘டொர்னாடோ வார்னிங்’ வேறு வகை: ராடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது, அல்லது யாரோ நேரில் பார்த்துவிட்டார்கள். அதன்பின் ஆயத்தத்துக்கு நேரமில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வானத்தைப் படிக்கத் தெரிந்திருப்பது பெரிய உதவி. கடும் டொர்னாடோக்களை உருவாக்கும் ‘சூப்பர்செல்’ என்னும் சுழலும் இடிமேகம், இப்பகுதியில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நகர்கிறது. அதன் பின்பகுதியில், மழை விழாத கரிய அடித்தளத்திலிருந்து ஒரு மேகத்திரள் மட்டும் தனியே கீழிறங்கித் தொங்கினால் அதுவே சுவர்மேகம். தாழ்ந்து தொங்கும் மேகமெல்லாம் சுவர்மேகமன்று. மழைக்கு முன்னால் நீண்ட அலமாரித் தட்டைப் போல வரும் மேகம் பலத்த காற்றைக் கொணருமே தவிர, பெரும்பாலும் டொர்னாடோவைக் கொணராது. வேறுபாட்டை அறிய, மேகத்தின் ஒரு விளிம்பை விளக்குக் கம்பம் அல்லது கூரை முனையோடு பொருத்தி ஒரு நிமிடம் கவனியுங்கள். கிழிந்த பிசிறுகள் அப்படியே மிதந்து போனால் கவலை குறைவு. ஒரே அச்சைச் சுற்றித் திரும்பத் திரும்ப வந்தால், அதிலும் உங்கள் முதுகுப்புறமிருந்து வெதுவெதுப்பான காற்று அந்த மேகத்தை நோக்கி இழுபட்டால், உடனே உள்ளே சென்றுவிட வேண்டும்.

பச்சை வானம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அடர்ந்த மேகத்தில் நீரும் ஆலங்கட்டியும் மிகுந்திருக்கும்போது அந்நிறம் தோன்றலாம். டொர்னாடோ வந்தே தீரும் என்பதற்கோ, நிறம் மாறாவிட்டால் வராது என்பதற்கோ அது சான்றாகாது. ஆலங்கட்டியே அதைவிட நம்பத்தகுந்த அடையாளம். சூப்பர்செல்லில் பெரிய ஆலங்கட்டி விழும் பகுதி பெரும்பாலும் டொர்னாடோ உருவாகும் இடத்துக்கு வடக்கிலோ வடகிழக்கிலோ அமைவதால், மேகம் நகரும் வழியில் இருப்பவர் மீது முதலில் கல்மழை கொட்டி, பிறகு மழையும் காற்றும் சட்டென்று ஓயக்கூடும். அந்த ஓய்வில் கார் கண்ணாடி உடைந்ததா என்று பார்க்க வெளியே போகிறவர்கள் உண்டு. போகவே கூடாத நேரம் அதுதான்.

புனல் வடிவம் தெரிந்தே ஆக வேண்டும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். மேகத்திலிருந்து எதுவும் இறங்காததுபோல் தோன்றும்போதே தரையில் புழுதியும் சிதைபொருட்களும் சுழலத் தொடங்கினால் டொர்னாடோ தொட்டுவிட்டது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 4 கிலோமீட்டருக்கும் அதிகமாக அகன்ற டொர்னாடோ மழைத் திரைக்குள் மறைந்து வந்தது. பல்லாண்டு அனுபவம் மிக்க ஆய்வாளர் டிம் சமராஸே தம் மகனோடும் சக ஆய்வாளரோடும் அதில் உயிரிழந்தார். இரவில் அடிவானத்தை ஒட்டி நீலமும் பச்சையுமாகப் பளிச்சிடும் ஒளி, மின்கம்பிகளும் மின்மாற்றிகளும் அறுபடுவதைக் காட்டும். இடியைப் போல் ஓய்ந்து ஓய்ந்து ஒலிக்காமல் இடைவிடாது வளரும் இரைச்சல், காது அடைப்பது ஆகியவை கடைசி நொடிகளுக்குரியவை. தொலைவில் தெரியும் சுழல் இடமோ வலமோ நகராமல் அளவில் மட்டும் பெரிதானால், அது உங்களை நோக்கியே வருகிறது.

சைரனைப் பற்றி ஒன்று. வெளியில் இருப்பவர்களுக்காக அமைக்கப்பட்ட அது, மூடிய வீட்டுக்குள் உறங்குபவரை எழுப்பும் என்று நம்ப முடியாது. கைப்பேசியின் அவசர எச்சரிக்கையை எக்காரணத்துக்காகவும் அணைத்து வைக்காதீர்கள். ஓக்லஹோமா சிட்டியில் சனிக்கிழமை நண்பகல் தோறும் சைரன் சோதனைக்காக ஒலிப்பதால், அச்சத்தம் காதுக்குப் பழகியும் போகிறது. 2011 மே 22 அன்று டொர்னாடோ தாக்கிய மிசூரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரில் முதல் சைரன் ஒலித்தும் பலர் வேறொரு உறுதிப்பாட்டுக்காகக் காத்திருந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வு சொல்கிறது.

வார்னிங் வந்ததும் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத உள்ளறைக்கோ குளியலறைக்கோ சென்று தலையை மூடிக்கொள்ளுங்கள். மேல்தள அடுக்ககவாசிகள் கீழ்வீட்டாரிடம் முன்பே பேசி வைப்பது நல்லது. மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவது ஆபத்து. ஒரே மேகம் அடுத்தடுத்து டொர்னாடோக்களை உருவாக்கக்கூடும் என்பதால், இரைச்சல் அடங்கினாலும் எச்சரிக்கை விலக்கப்படும்வரை உள்ளேயே இருந்து, பிறகு அறுந்த மின்கம்பிகளைக் கவனித்தபடி வெளியே வாருங்கள்.