எழுத்துக் கூட்டாமல் இசையைப் படிக்க

ஆறு வருஷம் கீபோர்டைக் காதால் கேட்டே வாசித்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஸ்டாஃப் நோட்டேஷன், அதாவது மேற்கத்திய இசையை ஐந்து கோடுகளில் எழுதும் முறை, கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். முதல் நாளே ஒரு தப்புச் செய்தேன். தாளில் சுரத்தைக் குறிக்கிற ஒவ்வொரு நோட்டுக்கும் கீழே பென்சிலால் சி, இ, ஜி என்று பெயர் எழுதிவைத்தேன். வேகமாக முன்னேறுவதுபோல இருந்தது. எட்டு மாதம் கழித்து, பெயர் எழுதாத ஒரு புதுத் தாளை எதிரில் வைத்தால் ஒரு வரிகூட ஓடவில்லை. அத்தனை நாளும் என் கண் கோடுகளைப் பார்க்கவே இல்லை, அடியில் இருந்த எழுத்தைத்தான் பார்த்திருக்கிறது. அதனால் புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: நோட்டுக்குக் கீழே பெயர் எழுதாதீர்கள்.

ஐந்து கோடுகள், நடுவே நான்கு இடைவெளிகள். இரண்டையுமே கீழிருந்து மேலாக எண்ண வேண்டும். மேலே போகப் போகச் சுருதி உயரும், இடமிருந்து வலமாகப் போகப் போக நேரம் நகரும். எந்தக் கோடு எந்த நோட் என்று சொல்ல வரியின் தொடக்கத்தில் போடுகிற குறிதான் கிளெஃப். உயர்ந்த சுரங்களுக்கான ட்ரெபிள் கிளெஃப் ஜி என்ற எழுத்திலிருந்து வளர்ந்த உருவம், அதன் சுருள் இரண்டாவது கோட்டைச் சுற்றிக்கொள்கிறது. அந்தக் கோடுதான் ஜி. தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிளெஃபும் அப்படியே எஃப் என்ற எழுத்திலிருந்து வந்தது. அதன் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஓடுகிற நான்காவது கோடு எஃப். ட்ரெபிளுக்குக் கீழே ஒரு குட்டிக்கோடு போட்டு அந்தக் கோட்டிலேயே எழுதுவதும், பேஸுக்கு மேலே ஒரு குட்டிக்கோடு போட்டு எழுதுவதும் ஒரே கட்டை, அதுதான் மிடில் சி. முதல் வாரத்துக்கு இந்த மூன்று அடையாளங்கள் போதும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இந்த மூன்றும் எங்கே வருகின்றன என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

மற்ற நோட்டுகளைத் தூரத்தை வைத்துப் படிக்கலாம். எழுத்துகள் ஏ முதல் ஜி வரை ஏழு, ஜிக்கு அப்புறம் மறுபடி ஏ. கோட்டிலிருந்து மேலே ஒட்டிய இடைவெளிக்குப் போனால் அடுத்த எழுத்து. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஓர் எழுத்தைத் தாண்டுகிறோம். ஜி கோட்டுக்கு மேல்கோடு பி, அதற்கு மேல் டி. ஒரு வரியை வாசிக்கும் முன் வாயால் சொல்லிப் பாருங்கள்: "ஏறு, ஏறு, தாண்டி இறங்கு, அங்கேயே." கோடுகளின் பெயரை ஞாபகம் வைக்க வாக்கியம் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு முறையும் கீழ்க்கோட்டிலிருந்து எண்ணத் தொடங்கவைக்கும் அது. அ, ம், மா என்று கூட்டிப் படிக்கிற குழந்தைக்கு 'அம்மா' என்ற சொல் முழுசாகக் கண்ணில் படுகிற நாள் ஒன்று வருமே, அந்தப் பழக்கம்தான் இங்கேயும் வேண்டும்.

ச ரி க ம தெரிந்தவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ச என்பது நாம் எடுத்துக்கொண்ட சுருதிக்கேற்ப இடம் மாறும். சி மாறாது. மிடில் சிக்கு மேலே வருகிற ஏ 440 ஹெர்ட்ஸ் என்று கணக்கு வைத்து, மற்றவை அதையொட்டி நிற்கின்றன. சியைச் ச என்றே மனதில் கட்டிவைத்தால், ஜியையே ச-வாகக் கொண்ட ஜி ஸ்கேலில் ஒரு பாட்டு வந்ததும் தடுமாறுவீர்கள்.

தாளத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடக்கத்தில் எல்லோரும் ஒதுக்குவது அதைத்தான். ஒரு நோட் தப்பினால் கேட்பவர் மன்னித்துவிடுவார். தாளம் தப்பினால் பாட்டே கலைந்துவிடும். நோட்டின் உருவம்தான் அதன் நீளம். உள்ளே நிரப்பிய தலையும் ஒரு காம்பும் இருந்தால் க்வார்ட்டர் நோட், சிலர் கிராட்செட் என்பார்கள். அதை ஒரு எண்ணிக்கை என்று வைத்தால், வெற்றுத்தலையும் காம்பும் இரண்டு, காம்பே இல்லாத வெற்றுத்தலை நான்கு, நிரப்பிய தலையின் காம்பில் ஒரு வால் இருந்தால் அரை. பக்கத்தில் புள்ளி வைத்தால் இருக்கிற நீளத்தில் பாதி கூடும். தொடக்கத்தில் 4/4 என்றிருந்தால் ஒரு பாருக்கு, அதாவது நிற்கிற இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதிக்கு, நான்கு க்வார்ட்டர் நோட், 3/4 என்றால் மூன்று.

இதைக் கருவியைத் தொடாமல் பழகுங்கள். சீராகத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வைத்து, கையைத் தட்டி வாயால் சொல்லுங்கள். ஒரு க்வார்ட்டர் நோட்டுக்குத் 'தா'. அதே நேரத்தில் இரண்டு வந்தால் 'தக', நான்கு வந்தால் 'தகதிமி', மூன்றாகப் பிரிந்தால் 'தகிட'. 6/8 என்று எழுதியிருப்பதை ஆறு தனித்தனி அடியாக எண்ணித் திணறிக்கொண்டிருந்தேன். இரண்டு 'தகிட' என்று சொன்ன பிறகுதான் அது ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கியது.

ஷார்ப் என்றால் கறுப்பையும் சேர்த்து எண்ணி ஒரு கட்டை மேலே, ஃபிளாட் என்றால் ஒரு கட்டை கீழே. வரியின் தொடக்கத்தில் இவற்றைப் போட்டுவைப்பதுதான் கீ சிக்னேச்சர். இவற்றுக்கு இரண்டே விதி. வரியின் தொடக்கத்தில் எஃப் கோட்டில் ஒரு ஷார்ப் இருந்தால், பாட்டில் வருகிற எல்லா எஃபும், மேலே கீழே எங்கே இருந்தாலும், ஷார்ப். நடுவில் ஒரு நோட்டுக்கு முன்னால் தனியாக வருகிற ஷார்ப்போ ஃபிளாட்டோ அந்தப் பார் முடிகிறவரை, அதே இடத்தில் உள்ள நோட்டுக்கு மட்டும்.

இனி கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கிற நோட்டுகள். சி எடுங்கள், ஒன்று தாண்டி இ, இன்னொன்று தாண்டி ஜி. ஸ்டாஃபில் பார்த்தால் மூன்றும் கோடுகளிலேயே, அல்லது மூன்றும் இடைவெளிகளிலேயே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். அப்படி நின்றால் அடியில் இருப்பதுதான் கார்டின் பெயர். இ, ஜி, சி என்று புரட்டி எழுதியிருந்தால் அடுக்கில் ஓரிடம் மட்டும் அகன்று தெரியும். அந்த அகன்ற இடத்தின் மேல் நோட்தான் பெயர். ஜி, சி, இ என்று புரட்டினாலும் இதே விதி. இப்படி ஒன்று தாண்டி ஒன்று எடுத்து நெருக்கமாக எழுதிய மூன்று நோட் கார்டு எதற்கும் இது பொருந்தும்.

கார்டுகளில் முக்கிய வகை இரண்டு, மேஜர், மைனர். எது என்பதைக் கறுப்பு வெள்ளை எல்லாக் கட்டையையும் சேர்த்து எண்ணிக் கண்டுபிடிக்கலாம். புறப்படுகிற கட்டையை எண்ணக் கூடாது. சியிலிருந்து இ நான்கு, இயிலிருந்து ஜி மூன்று: மேஜர். மூன்றும் நான்கும் என்றால் மைனர். ஏ, சி, இ எண்ணிப் பாருங்கள். கார்ட் பெயரில் எழுத்துக்குப் பக்கத்தில் சின்ன 'எம்' வந்தால் மைனர். வெறும் 7 என்று போட்டால் அடிநோட்டிலிருந்து பத்தாவது கட்டையைச் சேர்க்க வேண்டும், மேஜர் 7 என்றால் பதினொன்றாவது. சி 7-இல் பி ஃபிளாட், சி மேஜர் 7-இல் பி. ஒரே கட்டை வித்தியாசம்தான், ஆனால் மனநிலையே மாறிவிடும். கார்ட் பெயரில் சாய்கோடு வந்தால், அதற்கு வலது பக்கம் எழுதியிருப்பது பேஸில், அதாவது எல்லாவற்றுக்கும் கீழே, வாசிக்க வேண்டிய நோட்.

கிட்டாரில் கார்டைப் பிடிக்கும் விதத்தைக் காட்டுகிற கட்டம் படிப்பவர்களுக்கு: நிற்கிற கோடுகள் கம்பிகள், இடது ஓரம் தடித்த கம்பி. படுத்த கோடுகள் ஃபிரெட், கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் பட்டைகள். மேலே வட்டம் இருந்தால் கம்பியை அழுத்தாமல் மீட்டுங்கள், பெருக்கல் குறி இருந்தால் அந்தக் கம்பியைத் தொடாதீர்கள்.

தினமும் பதினைந்து நிமிஷம் போதும், ஆனால் தினமும் புது வரியாக இருக்க வேண்டும். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் விரல் மனப்பாடம் செய்துவிடும், கண் படிப்பதை நிறுத்திவிடும். தப்பு வந்தாலும் நிற்காமல் போங்கள். வாசித்து முடித்த பாரை ஓர் அட்டையால் மூடிக்கொண்டே வந்தால் கண் தானாக முன்னால் ஓடும்.

இடது கை வரியில் சி, ஜி, இ, ஜி என்று நான்கு நோட் வந்தால் நான்காகப் படிக்காதீர்கள். அது உடைத்து எழுதிய சி கார்ட். மூன்று விரலையும் முதலிலேயே அந்த வடிவத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த பாரில் பி, ஜி, டி, ஜி வரும்போது, ஜி விரலை அசைக்காமல் மற்ற இரண்டை மட்டும் இடப்பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு நகர்த்தினால் ஜி கார்ட் வந்துவிடும்.