பழைய பிக்கப்புக்கு நீளமான பின் ஸ்பிரிங்: அளவெடுப்பதிலிருந்து கடைசி நட்டு வரை

பழைய பிக்கப்பில் சுமை இல்லாமல் போகும்போது பின்பக்கம் ஒவ்வொரு குழிக்கும் துள்ளும். ஷாக் அப்சார்பரை மாற்றிப் பார்ப்போம், டயரில் காற்றைக் குறைத்துப் பார்ப்போம், கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். பல வண்டிகளில் காரணம் ஸ்பிரிங்கின் நீளம். 1973 முதல் 1987 வரை வந்த செவ்ரோலெட் பிக்கப்புகளில் பின் பட்டை ஸ்பிரிங் (எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தது) சுமார் 52 அங்குலம்தான். 1988-க்குப் பிறகு வந்த தலைமுறையில் அது 63 அங்குலத்தை ஒட்டி நீண்டது. அதனால்தான் பழைய வண்டிக்குப் புதிய தலைமுறை ஸ்பிரிங்கைப் பொருத்தும் வேலை அமெரிக்க பிக்கப் பிரியர்களிடம் இவ்வளவு பரவியது. இங்கே சொல்வது அந்த வண்டியை மனதில் வைத்துத்தான். முறை என்னவோ எந்தப் பட்டை ஸ்பிரிங் வண்டிக்கும் ஒன்றுதான்.

பட்டையின் அகலம், தடிமன், எண்ணிக்கை எதுவும் மாறாமல் நீளம் மட்டும் கூடினால், விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். 52-ஐ 63 ஆக்கினால் விறைப்பு கிட்டத்தட்ட 56 சதவீதத்துக்கு வந்துவிடும். நிஜத்தில் புதிய ஸ்பிரிங்குக்கு அதற்கென்று வேறு தடிமனும் எண்ணிக்கையும் இருக்கும், அதனால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 11 அங்குலம் எவ்வளவு வேலை செய்கிறது என்று புரியும். சரி, எந்த ஸ்பிரிங்கை எடுப்பது? அரை டன் சுமை வகை வண்டியிலிருந்து எடுத்தது மென்மையாக இருக்கும். முக்கால் டன் வண்டியிலிருந்து எடுத்தது சுமை தாங்கும். அடிக்கடி சுமை ஏற்றுபவர் வெறும் மென்மைக்காக முதலாவதை எடுக்க வேண்டாம்.

முதலில் அளவு

இந்த வேலையில் பாதி அளவெடுப்பதுதான். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன்பே, வண்டி சமதளத்தில் தன் சக்கரத்தில் நிற்கும்போதே எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். சக்கர மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை எவ்வளவு, முன் கண் (ஸ்பிரிங் முனையில் சுருட்டியிருக்கும் வளையம்) போல்ட்டிலிருந்து சேஸிஸில் அசையாத ஒரு துளை வரை எவ்வளவு, சக்கரம் ஃபெண்டர் வளைவின் நடுவில் நிற்கிறதா? இரண்டு பக்கமும் எடுங்கள். பழைய வண்டியில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.

அப்புறம் பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் ஒப்பிட வேண்டும். மொத்த நீளம் மட்டும் போதாது. பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டிலிருந்து முன் கண் வரை ஒரு அளவு, பின் கண் வரை இன்னொரு அளவு. இரண்டும் சமமாக இருக்காது. அளவு நாடாவை மெயின் பட்டையின் (கண்கள் இருக்கும் நீளமான பட்டை) வளைவோடு ஒட்டிப் பிடித்து அளக்கவும். உதாரணமாக முன்பாதி பழையதில் 24 அங்குலம், புதியதில் 29 என்று வைத்துக்கொள்வோம். ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்றால் முன் கண்ணைச் சேஸிஸில் பிடிக்கும் முன் பிராக்கெட் 5 அங்குலம் முன்னால் போக வேண்டும். பின்பாதியில் வரும் வித்தியாசத்துக்கு ஷாக்கிள் (பின் கண்ணைச் சேஸிஸோடு இணைத்து ஊசலாடும் துண்டு) பிராக்கெட் பின்னால் போகும். முன் பிராக்கெட்டை அசைக்காமல் பின்பக்கத்தை மட்டும் நீட்டினால் சக்கரம் பின்னால் தள்ளி ஃபெண்டரில் உரசும். நான் முதல் தடவை மொத்த நீளத்தை மட்டும் பார்த்து ஓட்டை போட்டதில் சக்கரம் ஒன்றரை அங்குலம் பின்னால் போய் நின்றது. அந்தப் பிராக்கெட்டை மறுபடி கழற்றி வேறு துளை போட இரண்டு நாள் ஆனது.

பட்டையின் அகலம், கண்ணுக்குள் போகும் போல்ட்டின் விட்டம், சென்டர் போல்ட் தலையின் விட்டம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். பிராக்கெட் போக வேண்டிய இடத்தில் பெட்ரோல் டேங்க், சைலன்சர் குழாய், கேபின் தாங்கி ஏதாவது குறுக்கே இருக்கிறதா என்றும் இப்போதே படுத்துப் பார்த்துவிடுங்கள்.

கழற்றுவது

முந்தைய நாளே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஸ்டாண்டு சேஸிஸில்தான் நிற்க வேண்டும், அதுவும் முன் பிராக்கெட் புதிதாகப் போகும் இடத்தைத் தாண்டி முன்னால். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே நுழையாதீர்கள். ஆக்சிலின் எடையை இன்னொரு ஜாக்கி தாங்கட்டும்.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போவதுதான் எனக்குப் பிடித்த வழி. மறுபக்க ஸ்பிரிங் ஆக்சிலை இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகளை கிரைண்டரால் அறுத்தே எடுக்கலாம், அவற்றைத் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் இழுபட்டுவிடும், இரண்டாம் முறை பிடிப்பு நிற்காது. கண் போல்ட் கண்ணுக்குள் இருக்கும் புஷ்ஷோடு துருவேறி ஒட்டியிருந்தால் அறுப்பதே நல்லது. சென்டர் போல்ட்டைத் தொடவே வேண்டாம். வளைந்த பட்டைகள் அதில்தான் அடங்கியிருக்கின்றன, கிளாம்ப் போடாமல் தளர்த்தினால் விரிந்து கையை அடிக்கும்.

பழைய பிராக்கெட் ரிவெட்டில் இருக்கும். தலையில் கூட்டல் குறிபோல் வெட்டி, உளியால் நான்கு துண்டுகளையும் தட்டிவிட்டு, நடுவில் டிரில் போட்டுப் பஞ்சால் அடித்தால் வெளியே வரும். டேங்க் பக்கத்தில் தீப்பொறி பறக்கும் வேலை என்றால் டேங்கை இறக்கி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பிராக்கெட்டைப் பொருத்துவது

புதிய துளைகள் சேஸிஸின் செங்குத்துச் சுவரில்தான் வர வேண்டும். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் போடவே கூடாது. சேஸிஸ் வளையும்போது அதிக இழுவை அந்த விளிம்புகளில்தான் விழும், ஓட்டை இருந்தால் விரிசல் அங்கேயிருந்து தொடங்கும். ரிவெட்டுக்குப் பதிலாக 10.9 தர போல்ட்டும் பூட்டும் நட்டும் போடுங்கள். வெல்டிங் செய்தே ஆக வேண்டும் என்றால் பேட்டரியைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் தூரத்தில் வைத்துவிட்டுச் செய்யவும். ஸ்பிரிங் எஃகில் வெல்டிங் பொறி ஒன்று விழுந்தாலும் அந்த இடம் பதம் மாறிப் பின்னால் உடையும்.

ஸ்பிரிங்கை ஏற்றுவது

முதலில் முன் கண், அடுத்து ஷாக்கிள், கடைசியில் ஆக்சிலை ஜாக்கியால் மெல்ல உயர்த்தி சென்டர் போல்ட் தலையை ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் இருக்கையின் துளைக்குள் இறக்குங்கள். தலை துளையைவிடச் சிறியது என்றால் வளையம் போட்டு ஈடுகட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சில் நகரும். யூ போல்ட் நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, படிப்படியாக, கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் முறுக்கு அளவு) இறுக்குங்கள். கண் போல்ட்டும் ஷாக்கிள் போல்ட்டும் இப்போதைக்குக் கையிறுக்கமே போதும். ரப்பர் புஷ்ஷைத் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதத்தில் கிழிந்துவிடும்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விடுங்கள். இப்போது ஷாக்கிளைப் பாருங்கள். மேலிருந்து தொங்கும் ஷாக்கிளின் கீழ்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும், ஆனால் இன்னும் பின்னால் போக இடம் மீதி இருக்க வேண்டும். ஸ்பிரிங் அமுங்கும்போது நீளும், அந்த நீளத்துக்கு ஷாக்கிள்தான் வழிவிடுகிறது. முன்னால் சாய்ந்து நின்றால் ஸ்பிரிங் எளிதாக நீள முடியாமல் விறைத்துப்போகும், இவ்வளவு பாடும் வீண். அப்படியென்றால் பின் பிராக்கெட்டை நகர்த்தியே ஆக வேண்டும். சாய்வு சரியாக இருந்தால் கண் போல்ட்டுகளை முழு டார்க்குக்கு இறுக்கலாம்.

ஷாஃப்ட்டும் மற்றவையும்

டிஃபரன்ஷியல் மூக்கின் (பின் ஆக்சில் நடுவில் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கோணத்தை கோணமானியால் அளந்து கியர்பாக்ஸ் கோணத்தோடு ஒப்பிடுங்கள். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போவது ஒற்றை ஷாஃப்ட் என்றால் இரண்டும் இணையாக நிற்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சில் இருக்கைக்கும் நடுவில் எஃகு ஆப்பு வைத்துத் திருத்தலாம், அலுமினிய ஆப்பு நசுங்கிவிடும். ஷாஃப்ட்டின் வழுக்கு முனை கியர்பாக்ஸுக்குள் முட்ட இன்னும் ஒரு அங்குலம் போல இடைவெளி இருக்கட்டும். அடுத்து, சேஸிஸைத் தூக்கி ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிரேக் ஹோஸோ, கை பிரேக் கேபிளோ, ஷாக் அப்சார்பரோ இழுபடுகிறதென்றால் நீளமானதுக்கு மாற்ற வேண்டும்.

நீளமான முன்பாதிக்கு ஒரு குணம் உண்டு. வேகமாகக் கிளப்பும்போது ஆக்சில் மூக்கைத் தூக்கி ஸ்பிரிங்கை எஸ் வடிவத்தில் முறுக்கும். பலமான எஞ்சின் உள்ள வண்டியில் அது துள்ளலாகவே தெரியும், ஷாஃப்ட் கூட்டுகளையும் தின்னும். அங்கே ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்கு, அந்த முறுக்கலைத் தடுக்கும் ஒரு டிராக்ஷன் பார் தேவைப்படும்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளைத் திரும்ப டார்க் வைத்துப் பாருங்கள், பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு நட்டிலிருந்தும் போல்ட் வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்தமுறை கீழே குனிந்து டார்ச் அடித்தாலே போதும், கோடு உடைந்திருந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது.