ஒரே சபை என்கிறோம், சிலர் மட்டும் ஏன் ஓரத்தில்? நாம் விடாமல் செய்யும் தவறுகள்

ஒற்றுமை என்று பேச்சு வந்தாலே நம் நினைவு 1947 செப்டம்பர் 27க்குப் போய்விடுகிறது. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளில் வந்தவர்கள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆன நாள் அது. சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919இல் தரங்கம்பாடியில் எழுதிய அறிக்கையிலிருந்து அந்த நாள் வரை 28 வருஷம் ஆனது. யார் யாருக்கு அபிஷேகம் செய்து குருவாக்கலாம், பேராயர் பதவி எப்படி இருக்க வேண்டும் என்றே பல வருஷம் பேசினார்கள். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒற்றுமை என்றால் சபைப் பிரிவுகள் கையெழுத்துப் போட்டுச் சேர்வது மட்டும்தான் என்று நினைப்பதுதான் நம் முதல் தவறு.

அந்த ஐக்கியத்துக்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் வி. எஸ். அசரியா. ஒன்றான சபையைப் பார்க்காமலே 1945இல் இறந்துபோனார். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அவர் எழுந்து, எங்களுக்காக எவ்வளவோ கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மிஷனரிமாரிடம் முகத்துக்கு நேராகவே கேட்டார். சொத்தும் உழைப்பும் கொடுத்தவர்கள் சரிசமமாக உட்கார வைக்கவில்லை என்பதுதான் அவர் மனக்குறை. இன்று அதே கேள்வியை நம் சபையில் ஒருவர் எழுந்து கேட்டால் அவரைப் பேச விடுவோமா?

அடுத்த தவறு, "நம்ம சபையில் சாதி எல்லாம் கிடையாது" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது. கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833லேயே சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். உத்தரவு போட்டும் போகவில்லை. 1870களில் வடக்கன்குளத்தில் எழும்பிய கத்தோலிக்கக் கோயிலில் இரு சாதியாரும் தனித்தனியாகப் பூசை காணும்படி நடுவில் சுவரே இருந்தது, அது இடிபட இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைத் தனியாகப் பிரித்த சுவரை எதிர்த்து நம் காலத்திலும் போராட வேண்டியிருந்தது. போதாததற்கு, 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமையும் இல்லை. வெளியேயும் அடி, உள்ளேயும் அடி என்று நிற்கிறவரிடம் போய் இங்கே சாதி இல்லை என்று சொன்னால், அவர் பட்டதைப் பொய் என்று சொல்வதாகத்தான் அர்த்தம். கமிட்டித் தேர்தல் சமயத்திலும் கல்யாணப் பேச்சிலும் நம் வாயில் என்ன வருகிறது என்று ஒருமுறை கவனித்தாலே போதும், புரிந்துவிடும்.

யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தைத் தமிழில் வாசித்தால் ஒன்று கண்ணில் படும். மினுக்கான உடை போட்டவனுக்கு "ஐயா, நீர்". ஏழைக்கு "நீ அங்கே நில்லு". கிரேக்கத்தில் இப்படி மரியாதைச் சொல் வித்தியாசம் கிடையாது, நம் மொழிபெயர்ப்பில்தான் அது வருகிறது, அதனாலேயே நமக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும். ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்துப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்கு அறுபது வயது ஆகியிருக்கும், பத்து வயதுப் பையன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான், அப்பா பக்கத்திலேயே நிற்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். இது ரொம்பச் சின்ன விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்புறம் சபைக்குக் கட்டும் சந்தா. கட்டினால்தான் சபைத் தேர்தலில் ஓட்டு என்பது விதி, சரி. ஆனால் கட்ட முடியாத வீட்டில் சாவு விழும்போது பாக்கிக் கணக்கை எடுத்து வைப்பது கொடுமை. முடியாதவர்களின் பாக்கியை ஆயரும் பொருளாளரும் மட்டும் அறிய, யார் பேரையும் வெளியே சொல்லாமல், தீர்த்துவிட ஒரு வழியை முன்கூட்டியே செய்து வைக்கலாம். படியேற முடியாதவருக்குச் சாய்வுப் பாதை, காது கேளாதவருக்குச் சைகை மொழி தெரிந்த ஒருவர், ஊர் விட்டு ஊர் வந்து வேலை செய்கிறவர்களுக்கு அவர்கள் மொழியில் ஒரு ஜெபம், இதெல்லாம் மனசு வைத்தால் ஆகிற காரியங்கள்.

ஆனால் நல்ல மனசுக்காரர்களே அதிகம் செய்யும் தவறு வேறு. ஓரத்தில் இருப்பவர்களுக்கு உதவி செய்வதோடு நிறுத்திக்கொள்வது. கிறிஸ்துமஸுக்குச் சேலை, பள்ளி திறந்தால் நோட்டுப் புத்தகம், ஒரு போட்டோ, அதோடு சரி. அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில், அதாவது தினமும் உணவு பங்கிடுவதில், விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதை அடக்கவும் இல்லை, இன்னும் இரண்டு படி தானியம் சேர்த்துக் கொடுத்துச் சமாளிக்கவும் இல்லை. பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பு போனதாகத்தான் எனக்குப் படுகிறது. நாமோ சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்தில் பாத்திரம் கழுவ அவர்களைக் கூப்பிடுகிறோம், யாருக்கு முதல் பந்தி என்று முடிவு செய்கிற கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் ஒரு பாட்டியம்மா, எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே முப்பது வருஷமாக யாரும் அவரை வேதபாடம் வாசிக்க அழைத்ததில்லை. 103ஆம் சங்கீதம் அவருக்கு முழுக்க மனப்பாடம் என்பது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போன இளைஞர் ஒருவருக்குத் தற்செயலாகத் தெரியவந்தது. உடம்பு தேறி வந்த அடுத்த மாதம் பீடத்தருகே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். புத்தகம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, இருபத்திரண்டு வசனமும் சொன்னார். இப்போது மாதக் கடைசி ஞாயிறு சங்கீதம் அவர் பொறுப்பு.