சீன மாணவர்களும் ஆங்கிலச் சொற்றொடர்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் மாலை நேரத்தில், சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய மாணவர்கள் விழுந்த அதே குழியில்தான் புதியவர்களும் வந்து விழுகிறார்கள்.

ஒருமை பன்மை, காலம், ‘ஹி’ ‘ஷி’ குழப்பம் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. அவன், அவள் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். அந்தப் பிழைகளைக் கேட்பவர் பொறுத்துக்கொள்வார், பேசப் பேசக் குறைந்துவிடும். தொடர்களில் வரும் பிழை அப்படியல்ல. இலக்கணம் சுத்தமாக இருப்பதால் அதை மொழிப்பிழை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, ஆளையே தப்பாக நினைக்கிறார்கள்.

“ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்”

மழை கொட்டுகிறது என்பதற்கு மாணவர்கள் ஆசையாக ஒப்பிப்பது. இன்றைய பேச்சில் அரிது. விட்டுவிடுங்கள்.

செங்யூவை அப்படியே பெயர்ப்பது

செங்யூ என்னும் நான்கு எழுத்து மரபுத்தொடர் சீனர்களின் பெருமை. ஒரே கல்லில் இரண்டு பறவை என்பது ஆங்கிலத்திலும் இருப்பதால் பிழைத்துக்கொள்ளும். பாம்பு வரைந்து கால் ஒட்டுவது, அதாவது வேண்டாததைச் சேர்த்துக் கெடுப்பது, ஆங்கிலக் காதுக்குப் புரியாது. செங்யூ அல்லாவிட்டாலும், உற்சாகப்படுத்தச் சொல்லும் ‘ஜியா யோ’வின் நேர்ப்பெயர்ப்பான ‘ஆட் ஆயில்’ 2018-இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது. ஆனாலும் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் புரிகிற அளவுக்கு லண்டனில் புரியும் என்று நம்பிவிட வேண்டாம்.

“யூ ஹாட் பெட்டர்”

இதைக் கேட்டால் இப்போதும் எரிச்சல் வருகிறது. மாணவர்கள்மேல் அல்ல, ஒரே வரியில் பொருள் எழுதிக்கொடுக்கும் சொற்பட்டியல்கள்மேல். ‘ஹாட் பெட்டர்’ என்பதற்கு நேரே ‘ஸுய் ஹாவ்’ என்று போட்டிருக்கும். அந்தச் சீனச் சொல்லைப் பிரித்தால் ‘மிக நல்லது’. அக்கறையாக யோசனை சொல்லும்போதும் அது வாயில் வரும். ஆங்கிலத் தொடருக்குள்ளோ ‘இல்லையென்றால் பார்’ என்பது ஒளிந்திருக்கிறது. அம்மா பிள்ளையிடம் சொல்லலாம், நெருங்கிய நண்பனிடம் சொல்லலாம்.

சரக்குப் போக்குவரத்து நிறுவனமொன்றில் கணக்குப் பார்த்த மாணவி ஒருவர், வாடிக்கையாளருக்கு ‘யூ ஹாட் பெட்டர் பே பை ஃப்ரைடே’ என்று மின்னஞ்சல் அனுப்பினார். வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் தாமதக் கட்டணம் மிச்சமாகுமே என்ற நல்லெண்ணம்தான். அந்த ஆள் மேலாளரைக் கூப்பிட்டு, தன்னை மிரட்டுகிறார்கள் என்று கத்தியிருக்கிறார். அந்த வாடிக்கையாளரின் கணக்கு இவர் கையைவிட்டுப் போனது. கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து, “லாவ்ஷி (ஆசிரியரே), இதில் எந்த இலக்கணம் தப்பு?” என்று கேட்டார். ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் கொடுமை.

சிலர் முன்னால் ஒரு ‘ப்ளீஸ்’ ஒட்டிப் பார்க்கிறார்கள், அதுவும் காப்பாற்றாது. ‘குட் யூ’, ‘ஐ வுட் சஜெஸ்ட்’, ‘இட் வுட் பி குட் இஃப் யூ’ இந்த மூன்றும் அலுவலகத்துக்குப் போதும். நோட்டில் ஒரு தொடரை எழுதும்போது பொருளோடு நிறுத்தாதீர்கள். யார் யாரிடம் சொல்வது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மேலதிகாரியிடமும் முன்பின் தெரியாதவரிடமும் சொல்லலாமா என்று தெரியாத தொடரை மின்னஞ்சலில் போடவே கூடாது.

“ஆஃப் கோர்ஸ்”

“பக்கத்தில் எம்ஆர்டி ரயில் நிலையம் இருக்கிறதா?” என்றால் ‘ஆஃப் கோர்ஸ்’ என்கிறார்கள். சீனத்து ‘தாங் ரான்’ அப்படி வெளியே வருகிறது. கேட்டவர் காதில் ‘இதுகூடத் தெரியாதா?’ என்று விழும். உதவி கேட்டால் ‘ஆஃப் கோர்ஸ்’, தகவல் கேட்டால் வெறும் ‘யெஸ்’.

நன்றிக்கு “நெவர் மைண்ட்”

கூடாது. ‘யூ ஆர் வெல்கம்.’

“வாக் ஸ்லோலி”

விருந்தாளியை வழியனுப்பும்போது சீனர் சொல்லும் ‘மான் ஸோ’வுக்கு நம் ‘பார்த்துப் போங்க’ அழகாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் ‘டேக் கேர்’.

“டூ யூ மைண்ட்?”

பக்கத்து இருக்கையைக் காட்டி ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்பதுதான் கேள்வி. மாணவர்களோ உட்காரட்டும் என்று நினைத்து ‘யெஸ்’ என்பார்கள். அவர் முகம் சுருங்கி நகர்ந்துவிடுவார். ‘நாட் அட் ஆல், கோ அஹெட்’ என்று முழுதாகவே மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டாம்.